சோனின் இரண்டு நாட்காட்டிகள்

தென்கொரியக் கால்பந்து வீரர் சோன் ஹியுங் மின் 2025 ஆகஸ்டில் லண்டன் கிளப்பான டோட்டன்ஹாமை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன நாளிலிருந்தே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாரம் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 454 ஆட்டங்கள், 173 கோல்கள், ஒரு கோப்பை என்று கணக்குப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருடைய சிரிப்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்து முடிந்திருந்தன. கணக்கில் பிழையில்லை. ஆனால் பத்தாண்டுகளாக அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவரும் எனக்கு, அவரை நினைத்தால் கோல்களுக்கு முன்னால் நினைவுக்கு வருவது விடுப்புதான். அவரை எந்தப் போட்டிக்கு அனுப்புவார்கள், எத்தனை நாளைக்கு அனுப்புவார்கள், அதற்குப் பதிலாக எதை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள் என்ற பேச்சு அவருடைய தொழில்வாழ்க்கையின் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளிநாட்டில் ஆடும் ஒருவருக்குச் சம்பளம் தருவது கிளப். அவருடைய சொந்த நாட்டு அணி அவரை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த இரவலுக்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா விதி வகுத்திருக்கிறது. சர்வதேச ஆட்டங்களுக்கென நாட்காட்டியில் ஒதுக்கப்பட்ட நாட்களிலும், உலகக் கோப்பைக்கும், அந்தந்தக் கண்டத்தின் கோப்பைக்கும் கிளப் தன் ஆட்டக்காரரை அனுப்பியே தீர வேண்டும். ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு அனுப்புவதும் மறுப்பதும் கிளப்பின் விருப்பம். பிரேசில்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. தென்கொரியாவில் பிறந்த ஆணுக்கோ, சோனின் இளமைக் காலத்தில், ஏறக்குறைய 21 மாதம் ராணுவத்தில் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அதையும் இருபதுகளின் இறுதிக்குள் முடித்துவிட வேண்டும். விலக்குப் பெற வேண்டுமானால் ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். கிளப்புகள் அனுப்ப வேண்டிய கட்டாயமில்லாத அந்த இரண்டு போட்டிகளில்தான் அவருடைய விடுதலைப் பத்திரம் இருந்தது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

இது அவரோடு தொடங்கிய கதையும் அல்ல. 1978 டிசம்பரில் சா பும் குன் என்ற தென்கொரிய முன்கள வீரர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அணிக்காகக் களமிறங்கினார். ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ராணுவ சேவை இன்னும் பாக்கியிருக்கிறது என்று ஊரிலிருந்து தகவல் வந்தது, திரும்பிப் போனார். 1979-இல் சேவையை முடித்துவிட்டு மறுபடி வந்தவர் முதலில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டிலும் பிறகு லெவர்குசனிலும் ஆடி, இரண்டு அணிகளோடும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்று, ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் 308 ஆட்டங்களில் 98 கோல்கள் அடித்தார். அதற்குப் பின் வந்த பார்க் ஜி சங்குக்கு அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. 2002 உலகக் கோப்பையில் தென்கொரியா அரையிறுதி வரை சென்றபோது, அந்த அணியினருக்கு மட்டும் அரசு தனியாக விலக்கு அளித்தது. அவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் அணிக்கும் அங்கிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். ஆனால் இரண்டு கண்டங்களுக்கிடையே பறந்து பறந்து ஆடியதில் முழங்கால் ஓய்ந்துபோக, 29 வயதிலேயே தேசிய அணியிலிருந்து விலகிக்கொண்டார். சோன் ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போது அவருக்கு முன்னால் இருந்த உதாரணங்கள் இவைதாம்: நடுவழியில் திருப்பி அழைக்கப்பட்டவர் ஒருவர், பறந்தே தேய்ந்தவர் இன்னொருவர்.

சோன் பிறந்தது 1992 ஜூலை 8 அன்று, கங்வோன் மாகாணத்தின் சுன்சோன் நகரத்தில். அப்பா சோன் வூங் ஜங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். காயத்தால் இருபதுகளிலேயே பந்தை விட்டவர். தனக்கு ஆட்டம் தெரிந்த அளவுக்கு அடிப்படை தெரிந்திருக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அதனால் மகன்கள் இருவரையும் பள்ளி அணிகளில் சேர்க்காமல், பந்தைக் கீழே விழாமல் தட்டுவது, நிறுத்துவது, இரண்டு காலாலும் உதைப்பது என்று ஆண்டுக்கணக்கில் தானே பழக்கினார். அண்ணனும் தம்பியும் ஒருநாள் சண்டை போட்டதற்காக, நான்கு மணி நேரம் பந்தைக் கீழே விடாமல் தட்டச் சொன்ன கதையைச் சோனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு கட்டத்தில் தரையில் மூன்று பந்துகள் தெரிந்தனவாம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வியப்போடு சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் சோனின் இடது கால் எது, வலது கால் எது என்று எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் கடைசிவரை குழம்பியதற்கு அந்த மைதானம்தான் காரணம் என்பதை மறுக்கவும் முடியவில்லை.

2008-இல், 16 வயதில், தென்கொரியக் கால்பந்துச் சங்கத்தின் இளைஞர் திட்டம் ஒன்றின் வழியாக அவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போனார். மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பயிற்சியில் அவருக்குப் பந்து கொடுக்க மற்றப் பையன்கள் தயங்கினார்கள். அவர் செய்த உருப்படியான காரியம், என் பார்வையில், ஜெர்மன் மொழியைச் சரளமாகக் கற்றுக்கொண்டது. வெளிநாட்டுக்குப் போகும் ஆசிய ஆட்டக்காரர்களில் திறமை இருந்தும் மொழிபெயர்ப்பாளரின் தோளிலேயே காலம் தள்ளி, இரண்டாவது ஆண்டில் திரும்பி வந்தவர்கள் உண்டு. களத்தில் ‘பின்னால் ஆள் வருகிறான்’ என்று கத்தும் குரல் அரை நொடியில் புரியாவிட்டால், பந்து போய்விடும். உடைமாற்றும் அறையில் சிரிப்புக்குக் காரணம் புரியாவிட்டால், அதைவிடப் பெரியது ஒன்று போய்விடும்.

2010 ஆகஸ்டில், லீக் தொடங்குமுன் நடந்த நட்பு ஆட்டத்தில் செல்சிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார்; அதே ஆட்டத்தில் பாத எலும்பும் முறிந்தது. ஹாம்பர்க்கில் அப்போது ஆடிக்கொண்டிருந்த டச்சு நட்சத்திரம் ரூட் வான் நிஸ்டல்ரோய் அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்குத் தைரியம் சொன்னார் என்பதைச் சோன் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். அக்டோபர் 30 அன்று கொலோன் மைதானத்தில் முதல் புண்டஸ்லிகா ஆட்டம். நீண்டு வந்த பந்தை, முன்னேறி வந்த கோல்கீப்பர் மொந்த்ராகோனின் தலைக்கு மேலே தட்டிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, கீழே விழுந்த பந்தை வலைக்குள் தள்ளினார். ஹாம்பர்க் அந்த ஆட்டத்தில் தோற்றது. புண்டஸ்லிகாவில் அந்த கிளப்புக்காக அவ்வளவு சிறிய வயதில் அதற்கு முன் யாரும் கோல் அடித்ததில்லை.

2013-இல் சுமார் 1 கோடி யூரோவுக்கு லெவர்குசன் அவரை வாங்கியது. சா பும் குன் ஆடிய அதே அணி. அங்கே நன்றாகவே ஆடினார். பழைய அணியான ஹாம்பர்க்குக்கு எதிராகவே ஒரு ஹாட்ரிக்கும் அடித்தார். ஆனால் முதல் பேரம் தோற்றதும் அங்கேதான். 2014 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தென்கொரியாவின் இன்சோன் நகரிலேயே நடந்தன. அவருக்கு வயது 22, வயது வரம்பும் தடையில்லை, சொந்த மண், தங்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம். லெவர்குசன் அனுப்ப மறுத்தது. லீக்கும், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கும் நடந்துகொண்டிருக்கும்போது தன் முக்கிய ஆட்டக்காரரைப் பல வாரங்களுக்கு எந்த கிளப் விடும்? நான் அவர்களிடத்தில் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அக்டோபர் 2 அன்று இறுதியாட்டத்தில் வடகொரியாவைக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் 1-0 என வென்றது தென்கொரியா. அந்த அணியில் இருந்த 20 பேருக்கும் விலக்குக் கிடைத்தது. அவர்களில் யாரையும்விடப் புகழ்பெற்றிருந்த சோன் ஜெர்மனியில் இருந்தார்.

அடுத்த ஆண்டு டோட்டன்ஹாம் 2 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியபோது, ஓர் ஆசிய ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய தொகை அதுவாக இருந்தது. முதல் பருவம் சரியாக அமையவில்லை. பாதி நாள் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில்தான் போனது. 2016 கோடையில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. இந்த முறை டோட்டன்ஹாம் ரியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பச் சம்மதித்தது. கால் இறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1 என்று தோற்றார்கள். பந்து முழுக்கத் தென்கொரியர்களின் காலில்தான் இருந்தது. சோன் வீணடித்த வாய்ப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆட்டம் முடிந்ததும் அவர் தரையில் விழுந்து அழுத காட்சியைப் பார்த்தவர்கள், ஒரு கால் இறுதித் தோல்விக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்டிருக்கலாம். லண்டனுக்குத் திரும்பியவர் ஜெர்மனிக்கே போய்விடலாம் என்று மேலாளர் பொச்செட்டினோவிடம் பேசினார்; அவர் இருக்கச் சொன்னார். செப்டம்பரில் இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகின் அந்த மாதத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது சோனுக்குக் கிடைத்தது. ஆசியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

இனி 2018. அந்த ஆண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. ஜூன் 27 அன்று கசான் நகரில் உலகக் கோப்பையின் குழு ஆட்டம்: தென்கொரியாவுக்கு எதிரே நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. இன்ஜுரி டைமில் கிம் யங் குவோன் அடித்த முதல் கோல் வீடியோ நடுவர் பார்த்த பிறகு உறுதியானது. வேறு வழியில்லாத ஜெர்மனிக் கோல்கீப்பர் நோயர், தன் கோலைக் காலியாக விட்டுவிட்டு எதிரணிப் பகுதிக்கே ஏறி வந்து பந்தை இழந்தார். அங்கிருந்து ஒரு நீண்ட உதை. பந்துக்கு முன்னால் யாருமே இல்லை; சோன் மட்டும் ஓடுகிறார். கோடு தாண்டிப் பந்து வெளியே போய்விடுமோ என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் எட்டிப்பிடித்துத் தள்ளிவிட்டார். ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, மனதில் நிற்கும் ஆட்டம் எது என்று ரசிகர்கள் கேட்டபோது அவர் இதைத்தான் சொன்னார். சிறு வயதில் ஜெர்மனியில் தான் பட்ட இனவெறி அவமானங்களையும், ஒருநாள் அதற்குப் பதில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்ததையும் அப்போதுதான் வெளிப்படையாகச் சொன்னார். தன்னை வளர்த்தெடுத்த நாடும் அதுதான், அவமதித்த நாடும் அதுதான். அவருடைய பேட்டிகளில் ஜெர்மனியைப் பற்றி எப்போதும் மரியாதையான சொற்களையே கேட்டுப் பழகிய எனக்கு அது ஓர் அதிர்ச்சி.

அந்த வெற்றியும் விலக்கைத் தரவில்லை. உலகக் கோப்பைக்கு இப்போது அப்படிப்பட்ட சலுகை இல்லை. மிச்சமிருந்தது ஆகஸ்டில் இந்தோனேசியாவில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே 23 வயதுக்கு மேற்பட்டவர்கள் மூவரைத்தான் சேர்க்கலாம். 26 வயதுச் சோன் அவர்களில் ஒருவர். அனுப்புவதற்கு டோட்டன்ஹாம் போட்ட நிபந்தனை: நவம்பரில் தேசிய அணி ஆடும் நட்பு ஆட்டங்களுக்கு அவர் போகக் கூடாது, அடுத்த ஜனவரியில் ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களையும் விட வேண்டும். ஆகஸ்ட் 11 அன்று நியூகாசிலில் லீகின் முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிவிட்டு, அங்கிருந்து விமானம் ஏறினார்.

போட்டி தொடங்கிய சில நாட்களிலேயே மலேசியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு, ராணுவச் சீருடையில் சோனை வரைந்த கேலிப்படங்கள் இணையத்தில் வரிசைகட்டின. கிர்கிஸ்தானுக்கு எதிராக அவருடைய ஒற்றைக் கோலில் தப்பித்தார்கள். உஸ்பெகிஸ்தானுடனான கால் இறுதி கூடுதல் நேரம் வரை போய், ஹ்வாங் ஹீ சான் பெனால்டி உதைத்தபோது, சோன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகக் கோப்பையில் ஜெர்மனியை வீழ்த்தியவர் அவர். இங்கே ஓர் உதையைக் கண்கொண்டு பார்க்கத் துணிவில்லை. கோல் விழுந்தது, 4-3.

செப்டம்பர் 1 அன்று இறுதியாட்டம், எதிரே ஜப்பான். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் சோன் பந்தோடு கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் நுழைந்தார். அவருடைய காலிலிருந்து பந்து சற்றே விலகிய கணத்தில், பின்னாலிருந்து வந்த லீ சுங் வூ அதை அப்படியே அறைந்து கோலாக்கினார். ‘வழிவிடுங்கள்’ என்று அவன் கத்தினான், நான் விலகிக்கொண்டேன் என்று சோன் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். தேசிய அணியின் தலைவர், பிரீமியர் லீகின் நட்சத்திரம், அன்றிரவு அவருடைய வாழ்க்கைக்கு மிகத் தேவையாக இருந்த கோலை, ஓர் இருபது வயதுப் பையனுக்காக ஒதுங்கி நின்று பெற்றுக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் உதைத்த ஃப்ரீகிக்கை ஹ்வாங் ஹீ சான் தலையால் முட்டினார். ஜப்பான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் 2-1 என்று தங்கம் கிடைத்தது. கொடியைப் போர்த்திக்கொண்டு அவர் மைதானத்தைச் சுற்றி ஓடியதைப் பார்த்தபோது, நான்கு ஆண்டுப் பாரம் ஒரே ஓட்டத்தில் இறங்குவதுபோல் இருந்தது.

இந்தச் சட்டம் நியாயமானதா என்ற கேள்வி தென்கொரியாவிலேயே அப்போது பெரிதாக எழுந்தது. பந்தாட்டத்தில் தங்கம் வென்றவருக்கும் செவ்வியல் இசைப் போட்டியில் வென்றவருக்கும் விலக்கு உண்டு, உலகமே கேட்கும் பாப் பாடகருக்கு இல்லை. பிடிஎஸ் குழுவினர் பிற்பாடு ஒருவர் பின் ஒருவராக ராணுவத்துக்குப் போனார்கள். ஒரே வயதுடைய பிள்ளைகள் எல்லைக் காவலில் நிற்கும்போது ஒருவருக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் தாய்க்கு என்னிடம் பதில் இல்லை.

விலக்குக் கிடைத்தது, உடம்பு கணக்குக் கேட்டது. பருவத்தின் முதல் இரண்டு மாதம் டோட்டன்ஹாமுக்காக அவரால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. நவம்பர் இறுதியில் செல்சிக்கு எதிராகப் பாதி மைதானத்தைக் கடந்து ஓடி அடித்த கோலில்தான் பழைய சோன் திரும்பினார். ஒப்புக்கொண்டபடி ஜனவரி 13 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆடிவிட்டு அரபு அமீரகத்துக்குப் பறந்து, 16-ஆம் தேதி சீனாவுக்கு எதிராக ஆசியக் கோப்பையில் இறங்கினார். 25-ஆம் தேதி கத்தாரிடம் தோற்று வெளியேறி, 30-ஆம் தேதி லண்டனில் வாட்ஃபோர்டுக்கு எதிராக கோல் அடித்தார். ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ, அளவுக்கு மீறிய ஆட்டச் சுமைக்கு உதாரணம் காட்ட அந்த ஓராண்டு காலத்துச் சோனையே எடுத்துக்கொண்டது: 78 ஆட்டங்கள், 1,10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஐரோப்பாவிலேயே பிறந்து அங்கேயே ஆடும் ஒருவருக்குத் தேசிய அணிக்குப் போய் வருவது இரண்டு மணி நேர விமானப் பயணம். ஒரே லீகில் ஆடினாலும் இருவருக்கும் வேலை ஒன்றல்ல.

2019 நவம்பர் 3 அன்று எவர்ட்டன் மைதானத்தில், சோன் பின்னாலிருந்து காலை நீட்டியதில் எதிரணி வீரர் ஆந்த்ரே கோம்ஸ் நிலைதடுமாறி விழுந்து கணுக்கால் முறிந்தது. சிவப்பு அட்டை. தலையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே அவர் வெளியேறினார். அட்டை பிறகு ரத்தானது. மூன்று நாள் கழித்து பெல்கிரேடில் ரெட் ஸ்டாருக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அங்கே அவர் அடித்த முதல் கோல், ஐரோப்பாவில் அவருடைய 122-ஆவது கோல். சா பும் குன் முப்பது ஆண்டுகளாக வைத்திருந்த 121 என்ற சாதனை அதோடு முறிந்தது. தென்கொரியா முழுவதும் காத்திருந்த கோல் அது. சோன் ஓடிக் கொண்டாடவில்லை. பக்கத்துக் கேமராவிடம் போய் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் பர்ன்லிக்கு எதிராகத் தன் அணியின் பெட்டிக்கு அருகே பந்தை எடுத்து, ஏறக்குறைய எழுபது மீட்டர் ஓடி, எதிரணியில் பாதிப் பேரைக் கடந்து அடித்த கோல், ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கியது. அன்று ஆட்டம் தொடங்குமுன் அவருக்கு ஆசியக் கூட்டமைப்பின் விருதைக் கையில் கொடுத்தவர் பார்க் ஜி சங். அணித் தோழர் டெலே அலிக்குப் பந்தைத் தரலாம் என்று பார்த்தேன், வழியில்லாததால் ஓடினேன் என்றார் சோன். விருது வாங்கிய கோல் அதுதான் என்றாலும், பெல்கிரேடு கோல்தான் எனக்கு அவருடைய கோல்.

விலக்கு என்றால் முழு விலக்கு அல்ல. அடிப்படைப் பயிற்சி பாக்கியிருந்தது. 2020 பிப்ரவரியில் கை எலும்பு முறிந்து, பெருந்தொற்றால் லீகும் நின்றபோது, ஊருக்குப் போனவர் ஜேஜு தீவில் கடற்படைக் காலாட்படையினரோடு மூன்று வாரப் பயிற்சியை முடித்தார். 157 பேரில் முதலிடம். கிளப்பும் நாடும் ஒரே சமயத்தில் அவரைக் கேட்காமல் இருந்த வாரங்கள் அவருடைய வாழ்க்கையில் அவை மட்டும்தானோ என்னவோ.

பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. டோட்டன்ஹாம் தோழர் ஹாரி கேனும் அவரும் ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து அடித்த 47 கோல்கள் பிரீமியர் லீகில் ஒரு ஜோடியின் சாதனை. 2021-22 பருவத்தில் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 23 கோல்கள். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை முகமது சாலாவோடு பகிர்ந்துகொண்டார். 2022 உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன் கண்ணைச் சுற்றிய எலும்பு முறிய, கறுப்பு முகமூடியோடு கத்தாருக்குப் போய், போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மூன்று பேருக்கு நடுவே ஹ்வாங் ஹீ சானின் காலுக்கு ஒரு பந்தை நழுவவிட்டார். அந்தக் கோல் தென்கொரியாவை அடுத்த சுற்றுக்கு அனுப்பியது. 2023-இல் டோட்டன்ஹாமின் தலைவரானார். எல்லாம் இனித்தது என்றும் சொல்ல முடியாது. 2024 ஆசியக் கோப்பை அரையிறுதிக்கு முந்தைய இரவு தேசிய அணித் தோழர் லீ காங் இன்னோடு எழுந்த கைகலப்பில் விரல் பிசகி, மறுநாள் கட்டோடு ஆடி ஜோர்டானிடம் தோற்றார். அதே ஆண்டு, சொந்த அணித் தோழர் ரோட்ரிகோ பென்டன்கூர் தொலைக்காட்சியில் தென்கொரியர்களின் முகம் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்ற பொருளில் பேசி ஏழு ஆட்டத் தடை வாங்கினார். சோன் அவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். ஒன்பது ஆண்டு உழைத்து, தலைவர் பட்டையும் கட்டிய பிறகும், மன்னிக்கும் வேலை அவருக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

2025 மே 21 அன்று பில்பாவோவில் ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோப்பா லீகின் இறுதியாட்டத்தில் அவர் தொடக்கத்தில் இறங்கவில்லை. பாதக் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். 67-ஆவது நிமிடத்தில் வந்தவர், அதன்பின் பெரும்பாலும் தன் அணியின் பெட்டிக்குள் நின்று பந்தை வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். பிரென்னன் ஜான்சனின் ஒரே கோலில் மான்செஸ்டர் யுனைடெட் தோற்றது. டோட்டன்ஹாமுக்கு 17 ஆண்டுகளில் முதல் கோப்பை. சோனுக்குக் கிளப் ஆட்டத்தில் முதல் கோப்பை. இடுப்பில் தென்கொரியக் கொடியைச் சுற்றிக்கட்டிக்கொண்டு அவர் அதை உயர்த்தினார். அந்தக் கொடியைப் பார்த்ததும் எனக்கு 2018 இந்தோனேசியா நினைவுக்கு வந்தது. கிளப்பின் சீருடையும் நாட்டின் கொடியும் ஒரே உடம்பில், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

ஆகஸ்ட் 3 அன்று, சொந்த நாட்டிலேயே, சியோலில் நியூகாசிலுக்கு எதிராக டோட்டன்ஹாமுக்கான கடைசி ஆட்டத்தை ஆடினார். மாற்றப்பட்டு வெளியேறும்போது இரு அணியினரும் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். அடுத்த சில நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சி அவரை அறிமுகப்படுத்தியது. 2 கோடியே 60 லட்சம் டாலர் வரை, அமெரிக்க லீகின் சாதனைத் தொகை என்று செய்திகள் கூறின. தென்கொரியர்கள் பெருந்திரளாக வாழும் நகரம். 2026 உலகக் கோப்பைக்கான நாடுகளில் ஒன்று. பணத்துக்காக ஓய்வெடுக்கப் போகிறார் என்று சிலர் எழுதினார்கள். அங்கே சேர்ந்த மாதத்திலேயே டல்லஸில் ஃப்ரீகிக்கில் முதல் கோலை அடித்தார்.

அக்டோபர் 10 அன்று சியோலில் பிரேசிலுக்கு எதிராக ஆடியபோது அது தேசிய அணிக்காக அவருடைய 137-ஆவது ஆட்டம். சா பும் குன், ஹாங் மியுங் போ ஆகியோரின் 136-ஐ அவர் தாண்டினார். தென்கொரியா 0-5 என்று தோற்ற இரவு அது. நான்கு நாள் கழித்து, பராகுவேயுடனான ஆட்டத்துக்கு முன்பாக, அந்த எண்ணிக்கை பொறித்த சட்டையை அவர் கையில் கொடுத்தவர் சா பும் குன்தான்: ஒரே ஆட்டத்தோடு டார்ம்ஸ்டாட்டிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர். படம் எடுத்துக்கொண்டார்கள், ஆட்டம் நடந்தது. அக்டோபர் 18 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மறுபக்கம், கொலராடோவில், லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காக அவர் இறங்கி, இடைவேளைக்குச் சற்று முன்பாக ஒரு கோல் அடித்தார்.